பாதிப் பாலம்

ஆற்றை இருளாயி தாண்டி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆறு என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். கோப்பெங்குக்குக் கிழக்கே மலையிலிருந்து இறங்கி, வழியில் ஈயம் தோண்டுகிற லம்பங்களின் சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு, செம்மண் கரைத்த நிறத்தில் ஓடுகிற சின்ன ஆறுதான். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் ஏன் என்பார்கள். ஆனால் அடியெல்லாம் லம்பச் சேறு. இறங்கினவன் கால் புதைந்து அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் போக வரப் பாலம் ஒன்றே வழி.

தோட்டத்தை உண்டாக்கின புண்ணியவான் எந்த யோசனையில் பிரித்தானோ தெரியாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சின்ன டிவிசன்: கூலிக்காரர் குடியிருக்கிற ஒரு வரிசை லயம், ஒரு கிணறு, மீதியெல்லாம் ரப்பர் மரம், அதற்கும் பின்னால் மலைக்காடு. கோயில், கடை, ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோர், ஆபீஸ், கள்ளுக்கடை, ஈப்போவுக்குப் போகிற ரோடு எல்லாம் அந்தப் பக்கம். பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கவும் பாலம் தாண்ட வேண்டும், செத்தவரைப் புதைக்கவும் பாலம் தாண்ட வேண்டும். இதற்கு நடுவில் ஒரு மனுஷிக்குப் பாலம் ஏற முடியவில்லை என்றால் அவள் கதி என்ன ஆகும்?

எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து மார்கழி மழையில் வந்தது. பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வெறும் வாளிகளோடு இருளாயி திரும்பிக்கொண்டிருந்தாள். அப்போது இருந்தது மரக்கட்டைப் பாலம். மலையிலிருந்து அடித்து வந்த மரங்கள் மோதி, பாலம் அவள் காலுக்குக் கீழேயே பிய்த்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு மூங்கில் புதரில் மாட்டிக்கொண்டாள். மதியம் தொட்டுப் பொழுது சாயும்வரை, கழுத்தளவு தண்ணீரில், மூங்கிலைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தாள். அதே மூங்கிலில் இரண்டு பாம்புகளும் ஏறியிருந்தன. அவை அவளைப் பார்த்தன, அவள் அவற்றைப் பார்த்தாள், யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் ஆண்கள் கயிறு வீசி இழுத்தார்கள்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. கை கால் ஒடிந்திருந்தால் ஜனம் ஒத்துக்கொண்டிருக்கும். "உசுரு தப்பிச்சியே, மாரியாத்தா புண்ணியம்" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மூங்கிலில் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் துரை புதுப் பாலம் போட்டார். இரும்புக் கம்பியில் பலகை கோத்த தொங்குபாலம். முன்னதைவிட நல்ல பாலம்தான், ஆனால் கால் வைத்தால் ஆடும். இருளாயி தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையில் தொங்குகிற இரண்டு வாளிப் பாலுமாக வந்து முதல் பலகையில் கால் வைத்தாள். பலகை அசைந்தது. நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது, கண் இருட்டியது. பாலைக் கொட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு ராக்காயி, "குடு புள்ள, நான் தூக்கிட்டுப் போறேன்" என்று வாளிகளை வாங்கிக்கொண்டாள்.

ராக்காயி தங்கமானவள். அவள் தன் பாலையும் சுமந்து, திரும்பி வந்து இருளாயி பாலையும் சுமந்தாள். இருளாயி பதிலுக்கு அவள் வீட்டுத் துணியைத் துவைத்துப் போட்டாள். கடைச் சாமானைப் புருஷன் சன்னாசி வாங்கி வந்தான். கோயில் விபூதியை யாராவது மடித்துக் கொண்டுவந்து நெற்றியில் பூசிவிட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் விரட்டவில்லை. எல்லாரும் நல்லவர்கள். அந்த நல்லவர்கள் ஆளுக்கொரு பலகை கொண்டுவந்து அவளைச் சுற்றி வேலி அடைத்துவிட்டார்கள்.

ஆற்றுப் பக்கம் போகாத நாளில் நெஞ்சு நிம்மதியாக இருந்தது. அதனால் போகவில்லை. போகப் போகக் கரையோர மரங்களும் ஆகாமல் போயின. கங்காணியைக் கெஞ்சி பால் சீவ மலையோரத்து மர நிரையாகக் கேட்டு வாங்கினாள். பிறகு ஆற்றுச் சத்தமே ஆகாமல் போயிற்று. மழை பெய்தால் சன்னலைச் சாத்திக்கொண்டு காதையும் பொத்திக்கொள்வாள். லயம், கிணறு, மலையோரத்து மரங்கள். அதற்குள் அவள் உலகம் முடிந்துபோயிற்று. மூங்கிலில் இருந்தபோதாவது இரண்டு பக்கமும் ஓடுகிற தண்ணீரைப் பார்க்க முடிந்தது.

ஆனி மாதம் மகள் நவமணிக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை அர்ச்சுனன், ஈப்போ பக்கத்துச் சிலிபினில் குடியிருந்துகொண்டு ரயில் தண்டவாள வேலை பார்க்கிறவன், நல்ல பையன். கல்யாணம் எங்கே? கோயிலில். கோயில் எங்கே? அந்தப் பக்கம்.

ஆம்பிளைகள் கூடி யோசித்தார்கள். அவர்கள் யோசித்தால் அது கள்ளுக்கடை வழியாகத்தான் வரும். இருளாயிக்கு இரண்டு மரவை கள்ளு கொடுப்பது, கண்ணை மஞ்சத் துணியால் கட்டுவது, சீக்காளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிற மாதிரி தூளியில் போட்டுக் கம்பில் தொங்கவிட்டு நாலு எட்டில் தாண்டிவிடுவது என்று முடிவாயிற்று. அவளும் மகளுக்காகச் சரியென்றாள். பட்டுச் சேலை கட்டி, முந்தானையில் அட்சதையை முடிந்துகொண்டு, தூளியில் படுத்தாள்.

பாலத்தின் நடுவே போனதும் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கள்ளெல்லாம் ஒரே நொடியில் இறங்கிற்று. தூளிக்குள் மீன் துள்ளுகிற மாதிரி துள்ளினாள். கண் கட்டியிருந்ததால் தண்ணீர் எங்கேயிருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அலறிய அலறலில் முன்னால் தூக்கினவன் தடுமாறிக் கம்பியில் விழுந்தான். இன்னும் கொஞ்சம் போனால் மூன்று பேரும் ஆற்றில். எப்படியோ புறப்பட்ட கரையிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள்.

"முகூர்த்தம் போவுது" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்கள். சன்னாசி அவளையும் பார்த்தான், பாலத்தையும் பார்த்தான், பிறகு போய்விட்டான். வேறென்ன செய்வான்?

இருளாயி ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கேட்டது. முடிச்சை அவிழ்த்து அட்சதையை ஆற்றுப் பக்கம் வீசினாள். பாதி தண்ணீரில் விழுந்தது, மீதியை லயத்துக் கோழிகள் பொறுக்கின. பெற்ற மகளின் கல்யாணத்தைக் காதால் பார்த்தவள் அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்திதான். அன்று அவள் அழுத அழுகையை நான் எழுதிக் காட்ட முடியாது.

நவமணி சொல்லிக்கொள்ள வரவில்லை. அப்படியே சிலிபினுக்குப் போய்விட்டாள்.

மறுவருஷம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் பெற்றவள் சோறு ஆக்கிக் கொண்டுபோய் மகளுக்கு ஊட்டி, கையோடு அழைத்து வர வேண்டும். அதைப் பற்றிப் பேச அர்ச்சுனனே வந்தான். வந்தவன் வாசலில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அத்தே, நவமணி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சா. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்ளே."

"அழைக்க பெத்தவதான் வரணுமாம். வேற யாரு வந்தாலும் கிளம்ப மாட்டாளாம். அங்கியே பெத்துக்கறாளாம். எனக்கும் அம்மா இல்ல, பாக்க ஆளு இல்ல, கஷ்டமா, சூசாவா இருக்கு அத்தே. சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"ரொம்பக் கோவமா இருக்காளா?"

"கோவமில்ல, அழுவறா. தாலி கட்டறப்பகூட எம் மூஞ்சியப் பாக்கல அவ. பாலத்தையே பாத்துக்கிட்டு இருந்தாளாம்."

இருளாயிக்கு நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்தது போலிருந்தது. தலைப்பிரசவம். லயத்தில் அதில் உயிர் போன பெண்களை அவளே குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறாள். தாயில்லாத வீட்டில், கோபத்தோடு, ஆள் துணையில்லாமல் அந்தப் பிள்ளை கிடந்து துடிக்கும். தான் இங்கே சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் மரம் சீவுகிறபோது மனம் அங்கே, கை இங்கே. உளி ஆழமாக இறங்கிவிட்டது. பின்னாலேயே வந்த கங்காணி கார்த்திகேசு பிடித்துக்கொண்டான்.

"என்னா இது? மரத்தைக் கொல்றியா? எலும்பு தெரியுது பாரு! இலை கனத்துக்குச் சீவணும்னு ஒனக்கு நான் சொல்லித் தரணுமா? இந்தக் காயம் எப்ப ஆறுறது, எப்ப பால் வர்றது?"

அவன் போன பிறகும் அவள் அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டை கிழிந்து உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. தன்னைத் தூளியில் போட்டுத் தூக்கினார்களே, அதுவும் இப்படி ஒரு வெட்டுத்தானே என்று பட்டது. ஒரே போடாகப் போட்டார்கள், எலும்புவரை போயிற்று. இத்தனை வருஷமாகத் தினமும் ஒரு மெல்லிய சீவல் சீவித்தானே மரத்தில் இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறாள்? ஒருநாளும் மரத்துக்கு வலித்ததில்லை.

அன்று மத்தியானம் எல்லாரும் பாலைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஆறு கண்ணில் படுகிற ஒரு மரத்தடிவரை போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நெஞ்சு அடித்தது, உள்ளங்கை வேர்த்தது, எழுந்து ஓடு ஓடு என்றது. இத்தனை நாளும் ஓடியிருக்கிறாள். இன்று புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். அடிக்கிற நெஞ்சு எவ்வளவு நேரம்தான் அடிக்கும்? அதற்கும் அலுத்துப்போயிற்று. அது அலுத்த பிறகுதான் எழுந்து லயத்துக்கு வந்தாள். ஏதோ திருடிவிட்டு வந்தவள் போல யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் இன்னொரு மரம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு கரைப்புல். பிறகு பாலத்துக் கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டு நிற்பது. மழை பெய்து தண்ணீர் ஏறின ஒருநாள் கரைக்குப் போகிற பாதி வழியிலேயே அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குப் பிறகு பழையபடி முதல் மரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. சீவின பட்டை மறுபடியும் ஒட்டிக்கொண்டால் எப்படியிருக்கும்?

லயத்தில் எதுவும் மறையாது. இருளாயி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறாள் என்று பேச்சு கிளம்பிற்று. மகள் வெறுத்துவிட்டாள், அதனால் விழுந்து சாகப் பார்க்கிறாள் என்று முடிவும் கட்டிவிட்டார்கள். சன்னாசி சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏ புள்ள, ஆத்தங்கரையில ஒனக்கு என்னா வேலை?"

"சும்மாத்தான் போனேன்."

"சனம் என்னென்னமோ பேசுது."

"நான் குதிக்கப் போறேன்னா? குதிக்கணும்னா முதல்ல பாலத்துல ஏறணும்லா. ஏற முடிஞ்சா நான் ஏங்க குதிக்கறேன்?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே கோயில் பூசாரியைப் பாலம் தாண்டிக் கூட்டி வந்தான். பூசாரி அவள் கையைப் பிடித்துப் பார்த்து, ஆற்றில் ஏதோ பின்தொடர்கிறது என்றார். கறுப்புக் கயிறு கட்டி, அமாவாசைவரை தண்ணீர் கண்ணில் படவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராக்காயி காவலுக்கு வந்தாள். இருளாயி எங்கே போனாலும், "நானும் வாரேன் புள்ள" என்று பின்னாலேயே வந்தாள். கிணற்றில் தண்ணீர் இறைக்கக்கூட விடவில்லை.

இருளாயியும் கயிற்றுக்குக் கட்டுப்பட்டாள். கட்டுப்பட்டது சுகமாகத்தான் இருந்தது. அதுதான் பயங்கரம். போக வேண்டாம், நெஞ்சு அடிக்க வேண்டாம், சாமியே சொல்லிவிட்டது. ஆனால் அமாவாசை வந்தபோது, எட்டத்தில் ஆறு தெரிகிற அந்த முதல் மரத்தடிக்குக்கூடக் கால் நகரவில்லை. கிடைத்ததெல்லாம் போயிற்று. அங்கே மகள் வயிறு வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று கயிற்றை அவிழ்த்து முருங்கை மரத்தில் கட்டினாள். "பயம் அதுக்கு வந்தா வரட்டும்" என்றாள்.

பிறகு யாருக்கும் தெரியாத நேரம் பார்த்துப் போனாள். எல்லாரும் அந்தப் பக்கம் ஸ்டோரில் பால் நிறுக்க வரிசையில் நிற்பார்கள், ராக்காயியும் அங்கேதான் இருந்தாக வேண்டும். அந்த நேரம் பாலம் காலியாகக் கிடக்கும். மறுபடியும் மரம், கரைப்புல், கம்பி என்று தொடங்கி, ஒருநாள் முதல் பலகையில் ஒரு கால். ஒருநாள் இரண்டு கால். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை நின்றுவிட்டுத் திரும்புவாள். இன்னும் இரண்டு பலகை, இன்னும் ஒன்று. பாலத்தின் நடுவே கம்பி தொய்ந்து ஆட்டம் அதிகமாக இருக்கும். அங்கே வந்ததும் எந்தச் சாமி வந்து சொன்னாலும் கால் நகராது. அங்கே நின்று அந்தக் கரையைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். பாதிப் பாலம் அவளுடையதாகிவிட்டது. மறுபாதி தெரியாத தேசமாகவே கிடந்தது.

அவள் தயாராகட்டும் என்று நாள் காத்திருக்குமா? ஏழாம் மாதம் முடியப்போகிறது, நல்ல நாள் பார்த்தாயிற்று, சன்னாசி லீவும் சொல்லிவிட்டான். விடியும் முன்னே எழுந்து இருளாயி புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச் சோறு எல்லாம் தன் கையாலேயே ஆக்கினாள். பானைகளைத் துணியால் வேடு கட்டினாள்.

சன்னாசி தயங்கித் தயங்கிச் சொன்னான். "ராக்காயியைக் கூட்டிட்டுப் போறேன். அவளும் பெரியம்மா மாதிரிதானே. பேசிப் பாத்து அழைச்சிட்டு வந்துடறோம்."

"நானும் வாரேங்க."

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "வேணாம் புள்ள. அன்னைக்குப் பட்டது போதும். நீ இங்கியே இரு."

பாதிப் பாலம் வரைக்கும் போவேன் என்று சொன்னால் யாராவது சிரிக்காமல் இருப்பார்களா? பாதிப் பாலம் தாண்டினவள் எங்கே போய்ச் சேருவாள்? ராக்காயியிடம் நல்ல சேலை இல்லை. இருளாயி பெட்டியைத் திறந்து தன் சிவப்புப் பட்டைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

கரைவரை போய் வழியனுப்பினாள். சன்னாசி முன்னால் போனான். ராக்காயி தலையில் பானையோடு பின்னால் போனாள். அவள் ஆற்றின் நடுவே போகையில் சிவப்புப் பட்டு வெயிலில் மினுங்கியது. இருளாயியின் சேலை பாலத்தைத் தாண்டிப் போயிற்று. இருளாயி இந்தப் பக்கம் நின்றாள்.

அவர்கள் ரப்பர் மரங்களுக்குள் மறைந்ததும் அவள் பாலத்தில் ஏறினாள்.

தன் பாதியை நடந்துவிட்டாள். நடுவே வந்ததும் நின்றாள். நெஞ்சு அடித்தது. அலுக்கட்டும் என்று காத்திருந்தாள். இன்று அது அலுக்கவில்லை. இரண்டு பேர் நடந்துபோன ஆட்டம் பாலத்தில் இன்னும் இருந்தது. ரோட்டில் ஈப்போ பஸ் வந்தால் காத்திருக்காது. பின்னால் நடந்து பழகின பலகைகள் வா வா என்றன. திரும்பினால் இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் திரும்பியாயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது.

முழங்கால் இரண்டும் தானாக மடிந்தன. சரி, நிற்க முடியவில்லை, விழுந்தாவது போவோம் என்று பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தவழ்ந்தாள். பேரப்பிள்ளை எடுக்கப் போகிறவள் பிள்ளை மாதிரி தவழ்ந்து போனாள். பலகை இடுக்கில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. கண்ணை மூடவில்லை. மூடினால் தூளி ஞாபகம் வந்துவிடும். வாய்விட்டு அழுதாள். ஆற்றைத் திட்டினாள், பாலம் போட்ட துரையைத் திட்டினாள், சன்னாசியைத் திட்டினாள், பூசாரியைப் பரம்பரையோடு திட்டினாள். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பலகை கழிந்தது. கை மண்ணில் பட்டபோதுகூட நம்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் தவழ்ந்தாள்.

பிறகு எழுந்து ஓடினாள்.

ரோட்டில் பஸ் வந்து நின்றிருந்தது. சன்னாசி ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் வைத்த காலை எடுக்கவும் தெரியவில்லை, வைக்கவும் தெரியவில்லை. சீன டிரைவர் ஹாரனை அடித்தான். ராக்காயி தன் தலையிலிருந்த பானையை இறக்கி இருளாயி தலையில் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பஸ்ஸில் ஏறினாள்.

சிலிபினில் நவமணி வாசலுக்கு வந்தாள். முதலில் சிவப்புப் பட்டைத்தான் பார்த்தாள். அது ராக்காயி என்று தெரிந்ததும் முகம் சுருங்கிற்று. அப்புறம்தான் பின்னால், ரப்பர் பால் கறை படிந்த வேலைச் சேலையோடு, பானையோடு நிற்கிறவளைப் பார்த்தாள். சேலை முழங்காலில் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"விழுந்துட்டியாம்மா?"

"இல்ல. தவழ்ந்து வந்தேன்."

நவமணி வயிற்றில் கை வைத்தபடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? கூடவேதான் வந்துச்சு. பஸ்ஸுல எனக்குப் பக்கத்துலதான் ஒக்காந்திருந்துச்சு."

நவமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "திரும்பிப் போறதும் அதே பாலந்தானேம்மா?"

"அதே பாலந்தான்" என்றாள் இருளாயி. சொல்லும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. "நீ அப்பா கையப் புடிச்சுக்கிட்டு முன்னால நட. நான் பின்னால தவழ்ந்து வாரேன். கொஞ்சம் நேரமாவும்."

நவமணி உள்ளே போய்த் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.